நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்: அந்த உறுதிமொழி போலி

நண்பரே, அமெரிக்காவின் கத்தோலிக்க ஆண்கள் சங்கமான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸைப் பற்றி, "அது புராட்டஸ்டன்டுகளை அழிக்க உறுதிமொழி எடுக்கும் ரகசியப் படை, அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே அது இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் எப்படி வந்தது? 1912 நாடாளுமன்றத் தேர்தலில் பென்சில்வேனியாவில் தோற்ற யூஜீன் பானிவெல், தன்னைத் தோற்கடிக்க இந்தப் பொய் உறுதிமொழியைப் பரப்பினார்கள் என்று புகார் கொடுத்தார். புகாருக்கு ஆதாரமாக அவர் இணைத்த தாள்தான் 1913இல் பதிவேட்டில் ஏறியது. அவதூறுக்குச் சான்றாக வைத்ததை வாக்குமூலம் போலக் காட்டுவது அநியாயம்.

சங்கத்தின் தொடக்கமும் வேறு. 1882இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில், செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் உதவிக் குரு மைக்கேல் மெக்கிவ்னி தொடங்கினார். அந்தத் தேவாலய மக்களில் பலர் ஐரிஷ் குடியேறிகள், ஆலைத் தொழிலாளர்கள். சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். மெக்கிவ்னி குருமாணவராக இருந்தபோது அவருடைய அப்பாவும் இறந்துபோனார், அந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால் உறுப்பினர்கள் பணம் போட்டு, இறந்தவரின் மனைவி மக்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடுதான் இதன் அடித்தளம். அதுவே பிறகு பெரிய காப்பீட்டு நிறுவனமாக வளர்ந்தது. அந்த உறுதிமொழியை எடுப்பதாகச் சொல்லப்படும் நான்காம் நிலையே, அதாவது உறுப்பினர்களின் மிக உயர்ந்த படியே, 1900இல்தான் வந்தது.

அப்புறம், முதல் உலகப் போரில் இவர்கள் நடத்திய ஓய்வுக் கூடங்களில் எல்லா மதத்துச் சிப்பாய்களுக்கும் இடம் இருந்தது. இவர்களுடைய அரசியல் நிலைப்பாடுகளை விமர்சியுங்கள், அது உங்கள் உரிமை. போலித் தாளை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.