ஸ்லோ வொர்மைக் கண்ணாடித் தொட்டியில் அடைக்காதீர்கள்

ஸ்லோ வொர்ம் என்ற காலில்லாத பல்லியை வீட்டில் வளர்க்கலாமா என்று இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் கேட்கிறார்கள். தோட்டத்திலேயே கிடைக்கிறது, விஷம் கிடையாது, பிள்ளைகளுக்கும் பிடித்துப்போகிறது. ஆசை வருவது இயல்புதான். என் பதில் இதுதான்: வளருங்கள், ஆனால் தொட்டியில் வேண்டாம். தோட்டத்தில் வளருங்கள்.

ஸ்லோ வொர்ம் பார்க்கப் பாம்பு மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் கண்ணை மூடித் திறக்கும். பாம்புக்கு இமையே கிடையாது. பாம்பென்று நினைத்து மண்வெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தக் கண்ணைத்தான். அடுத்தது வால். பயந்தால் நம் வீட்டுப் பல்லி போலவே வாலை விட்டுவிடும். வீட்டுப் பல்லிக்கு ஓரளவு நன்றாகவே திரும்ப வளரும், இதற்கு மொட்டையாக ஒரு நுனிதான் மிஞ்சும். தினமும் கையில் எடுத்து விளையாட இது ஏற்ற பிராணியே இல்லை.

வயசு இன்னொரு விஷயம். கோபன்ஹேகன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒன்று 54 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. இதைச் சொன்னதும், "அப்போ அடைத்து வைத்தாலும் நல்லாத்தானே வாழுது" என்பார்கள். சரி, அது காட்சிச்சாலை. ஒருவர் போனால் இன்னொருவர் வந்து பார்த்துக்கொள்வார். ஏழு வயசுப் பிள்ளை கேட்டதற்காக நீங்கள் பிடித்து வைத்தால், பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகு அதற்கு யார் நத்தையும் புழுவும் தேடுவது? குளிர்காலம் முழுக்க அது உறங்க வேண்டும். ஹீட்டர் ஓடும் வரவேற்பறையில் அதற்கு எங்கே போவது?

கடையில் விற்கும், காலில்லாத பல்லிகளில் பெரிய இனமான ஷெல்டோபுசிக்கைச் சிலர் கேட்கிறார்கள். கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் வாழ்வது, நாலடிக்கும் மேல் வளரும். தோலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் இருப்பதால் உடம்பு விறைப்பாக இருக்கும். நத்தையை ஓட்டோடு கடித்து நொறுக்கும். விற்பனைக்கு வருபவற்றில் நிறைய காட்டிலிருந்து பிடித்தவை. அப்படிப் பிடித்ததை வாங்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

ஸ்லோ வொர்முக்கு பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. கொல்லக்கூடாது, காயப்படுத்தக்கூடாது, விற்கவும் கூடாது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து விட்டுவைக்கச் சொல்லவில்லை. அது நம் கீரைப் பாத்திக்குச் செய்கிற வேலையைப் பாருங்கள். ஓடில்லாத சின்னச் சாம்பல் நத்தைகள்தான் அதன் முக்கியச் சாப்பாடு, நாம் முளைக்கப் போடுவதையெல்லாம் ஒரே ராத்திரியில் தின்று தீர்ப்பதும் அதே நத்தைகள்தான்.

கம்போஸ்ட் குவியலுக்குப் பக்கத்தில், வெயில் படும் இடத்தில், பழைய கூரைத் தகடு ஒன்றைப் போட்டு வையுங்கள். தகடு சூடேறும், அடியில் வந்து படுத்துக்கொள்ளும். ஆகஸ்ட், செப்டம்பரில் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் குட்டிகளும் இருக்கலாம். இது முட்டையை வெளியே இடாது, குட்டிதான் போடும். தங்க நிறத்தில், நடு முதுகில் ஒற்றைக் கறுப்புக் கோடோடு, பித்தளைக் கம்பித் துண்டுகள் மாதிரி சுருண்டு கிடக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பார்த்ததும் தகட்டைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் தகட்டைச் சுற்றிப் புல்லை உயரமாக விடுங்கள், ஓடி ஒளிய இடம் கிடைக்கும். புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மெட்டால்டிஹைட் என்ற நஞ்சு கலந்த நத்தை மருந்துக்கு 2022 முதலே இங்கே தடை. ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் கவுன்சிலின் கழிவு மையத்தில் கேட்டு ஒப்படையுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

உங்கள் தோட்டத்தில் பார்த்திருந்தால் எந்த ஊர், எந்த மாசம் என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் சந்தோஷம், கையில் தூக்கி வைத்து எடுத்த படம் மட்டும் வேண்டாம்.