திருநள்ளாற்றில் செயற்கைக்கோள் நிற்பதில்லை

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் செம்பனை விலையை மறந்துவிட்டு, தே தாரிக் ஆறும்வரை பேசுகிறார்கள்: திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுபோகின்றனவாம், நாசாவே வியந்ததாம். புலனத்தில் சுற்றும் பழைய பொய் இது. நாசா அப்படி எதுவும் அறிவித்ததில்லை.

பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் பறக்கிறது. திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்கு அதற்கு ஒரு விநாடி போதும். அந்த வேகம்தான் அதை விழாமல் காக்கிறது. நின்றால் விழும், மறுபடி தள்ளிவிட அங்கே ஆளா இருக்கிறார்கள்?

சனியிலிருந்து வரும் ‘நீலக் கதிர்’தான் செயற்கைக்கோள்களை நிறுத்துகிறதாம், இது இன்னும் வேடிக்கை. மிக நெருங்கும்போதும் சனி ஏறத்தாழ 120 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் ஒளி வந்துசேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

எள் தீபம் ஏற்றுகிறவர்கள் தாராளமாக ஏற்றுங்கள். அந்தச் செய்தியை மட்டும் எனக்கு மறுபடி அனுப்பாதீர்கள்.