யாருடைய வயல்?

"பாவம், இன்னமும் மரவீட்டில்தான் இருக்கிறார்கள்." எங்கள் வேன் வியட்நாமின் மாய் சாவ் பள்ளத்தாக்கில் போய் நின்றதும் உடன் வந்த ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். கோலாலம்பூர் செந்தூலுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. அந்தப் ‘பாவம்’ இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து பதினாறு பேர் கிளம்பினோம். எழுபத்திரண்டு வயது அம்மாவையும் அழைத்துப் போனேன். ஹனோயிலிருந்து தென்மேற்கே சுமார் 135 கிலோமீட்டர், பெரும்பகுதி மலைப்பாதை. துங் கே கணவாயைக் கடந்து வளைவு வளைவாக இறங்கும்போது பள்ளத்தாக்கு கண்ணில் படுகிறது. வடக்கு வியட்நாமின் சப்பா மலையூரில் இருக்கும் படிக்கட்டு வயல்களைப் படத்தில் பார்த்துவிட்டு அதையே இங்கும் தேடக் கூடாது. இங்கே வயல் தரையோடு தரையாகச் சமமாகக் கிடக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மலைகள், அடிவாரத்தில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள். நாங்கள் போனது மே மாதக் கடைசி, முதல் போக அறுவடை நேரம். ஊருக்குள் போகும் சிமெண்டுப் பாதை நெடுகிலும் நெல்லைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள்.

குழுவின் திட்டப்படி லாக் கிராமத்தில் இரண்டு மணி நேரம். சாப்பாடு, படம், கைத்தறித் துண்டு, திரும்பிவிட வேண்டியதுதான். நானும் அம்மாவும் மட்டும் முன்கூட்டியே சொல்லி ஓர் இரவு தங்கினோம். அந்த ஓர் இரவு இல்லையென்றால் எனக்கும் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

அங்கே வாழ்கிறவர்கள் வெள்ளைத் தாய் (White Thai) இனத்தவர். தாய்லாந்து மொழியோடு உறவுள்ள மொழி பேசுகிறார்கள். வியட்நாம் அங்கீகரித்திருக்கும் 54 இனங்களில் தாய் இனமும் ஒன்று. 2019 கணக்கெடுப்பின்படி, அதன் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து நாடு முழுவதும் சுமார் 18 லட்சம் பேர். ஏறக்குறைய மலேசிய இந்தியர்கள் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘பாவம்’ என்று சொல்லப்பட்ட அந்த மரவீட்டைப் பற்றிச் சொல்கிறேன். படியேறினால் பிளந்த மூங்கிலைப் பரப்பிய தரை. வெறுங்காலை வைத்தால் லேசாக அமுங்கி மீண்டும் எழும்புகிறது. கீழிருந்து காற்று ஏறுகிறது. மதியம் மூன்று மணிக்குக்கூட மின்விசிறி தேவைப்படவில்லை. வீட்டுக்கு அடியில் தறி. இரவு புளுட் அரிசியை (ஒட்டும் பசையரிசி) ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுட்ட சோறும் உண்டு. நம் லெமாங் போலத்தான், ஆனால் தேங்காய்ப்பால் இல்லை. குழாயைப் பிளந்தால் உள்பக்கத்து மெல்லிய தோல் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதையும் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா சைகை காட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டார்: "இந்த வயல் யாருடையது?"

அந்த வீட்டு மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவள் வழியாகக் கேட்டேன். எங்களுடையது என்றார்கள். சட்டப்படி பார்த்தால் வியட்நாமில் நிலம் மக்கள் அனைவரின் சொத்து, நிர்வாகம் அரசிடம். குடும்பங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. ஆனால் 1993ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பிறகு அந்த உரிமையைப் பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம், மாற்றிக் கொடுக்கலாம். அவர்கள் வாயில் அது ‘எங்கள் வயல்’தான். அம்மா வெகுநேரம் பேசவே இல்லை.

அந்த மௌனம் எனக்குப் புரியும். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா இருபத்தெட்டு வருடம் பால் மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தார். லயத்து வீடு, கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் இருந்தன, ஒன்றும் எங்களுடையது இல்லை. வேலை இருந்தவரை வீடு. நிலத்தை வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றார்கள், சில மாதங்களில் லயம் தரைமட்டமானது. அறுபதுகளின் தோட்டத் துண்டாடலை, அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றதை, நேரில் கண்டவர் என் தாத்தா. மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயாப் பணம்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கியபோது அவரும் ஒரு பங்கு எடுத்தார். அந்தப் பத்திரம் இன்றும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் தோட்டம் அந்தக் கூட்டுறவு வாங்கிய தோட்டம் அல்ல. அதுதான் வித்தியாசம்.

ஆகவே யார் யாரைப் பார்த்துப் ‘பாவம்’ என்பது? அவர்கள் காலுக்குக் கீழே வயல் இருக்கிறது. அதனால்தான் வீடு நிற்கிறது, தறி ஓடுகிறது, அடுப்படியில் அவர்கள் மொழி கேட்கிறது. 2025 ஜூலையில் இருந்து, மாய் சாவ் அடங்கியிருந்த ஹோவா பின் என்ற மாநிலமே இல்லை, ஃபூ தோ மாநிலத்துடன் இணைத்துவிட்டார்கள். மேலே பெயர் மாறினாலும் கிராமம் கிராமமாகவே இருக்கிறது.

அவர்களுக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காலையில் வீட்டுத் தாத்தா ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினார். தாய் இனத்தின் பழைய எழுத்து, பிராமி வழி வந்தது. சில உயிர்க்குறிகள் நம் கொம்பு போலவே மெய்க்கு இடப்பக்கம் நிற்கின்றன. என் விரல் தானாக அதன்மேல் போனது. ஆனால் பேத்திக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. பள்ளியில் படித்தது வியட்நாமிய மொழியில். நமக்கோ 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று 500க்கும் மேற்பட்ட பள்ளிகளாக இருக்கிறது. அவர்களிடம் ஊர் இருக்கிறது, எழுத்து நழுவுகிறது. நம்மிடம் எழுத்து இருக்கிறது, ஊர் போய்விட்டது. இதில் இரக்கப்பட யாருக்கும் இடமில்லை. உட்கார்ந்து பேச நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தறித் துண்டுக்குப் பாதி விலை கேட்டு, கிடைக்கும்வரை நம்மவர் சிலர் நின்றார்கள். கேட்காமலே படியேறிப் படுக்கையறையைப் படம் எடுத்தார்கள். நம் லயத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) கிளம்பும் அம்மாவைப் படம் எடுத்துவிட்டு ‘பாவம்’ என்று சொல்லிப் போயிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு ஆத்திரமாக வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அடுத்த பயணத்துக்குக் குழுவில் பெயர் கேட்கிறார்கள். இரண்டு மணி நேரத்தை எடுத்துவிட்டு இரண்டு இரவு போடுங்கள், வீட்டுக்காரர் கேட்ட விலையைக் கொடுங்கள் என்று எழுதிவிட்டேன். புறப்பட்ட அன்று விடியலில் அம்மாவைக் காணாமல் தேடினேன். பாதையில், வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். செப்டம்பர் அறுவடைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். எந்த மொழியில் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை, டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.