கட்டண விலக்கு மட்டும் போதாது
ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்ற திறந்த அணுகல் முறை வந்தபின் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு இருந்த தடை பெருமளவு நீங்கிவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. வாசிப்பவரின் சுமை குறைந்தது உண்மைதான்; ஆனால் அது எழுதுபவரின் தலையில் ஏறியிருக்கிறது. நேச்சர் அறிவியல் இதழ் 2021 முதல் ஒரு கட்டுரையைத் திறந்த அணுகலில் வெளியிட 9,500 யூரோ வரை கட்டணம் என்று அறிவித்தது நினைவிருக்கலாம்.

ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கு உண்டே என்பார்கள். அந்த விலக்கு பெரும்பாலும் நாடுகளை வருமானப்படி பிரிக்கும் உலக வங்கியின் பட்டியலை ஒட்டியே தரப்படுவதால், பட்டியலில் தன் நாடு ஒரு படி மேலேறியதும், ஆய்வு நிதியில் ஒரு காசுகூட உயராத ஆய்வாளரும் பாதிக் கட்டணமோ முழுக் கட்டணமோ செலுத்த வேண்டியவராகிறார். என் மாணவர் ஒருவருக்குக் கட்டுரை ஏற்கப்பட்ட கடிதமும் கட்டணச் சீட்டும் ஒரே நாளில் வந்தன. விலக்கு கேட்டபோது, கட்டுரையை அனுப்பும்போதே படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மூன்றாண்டு உழைப்பை அவர் திரும்பப் பெற்று வேறிடம் அனுப்பினார்.

லத்தீன் அமெரிக்கா வேறு வழியில் நடந்து காட்டியிருக்கிறது. 1990களின் இறுதியில் பிரேசிலில் தொடங்கிய சைலோ, 2003-இல் மெக்சிகோவில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் உருவான ரெடாலிக் ஆகிய இலவச இணைய இதழ்த் தொகுப்புகள் உள்ளூர் இதழ்களை ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளிலேயே உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தன. ரெடாலிக் இன்று எழுதுபவரிடம் கட்டணம் கேட்காத இதழ்களையே சேர்த்துக்கொள்கிறது. பிற நாடுகள் இதைப் பின்பற்றத் தயங்குவதற்குப் பணத்தைவிடப் பதவி உயர்வுக் குழுக்களே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி எண்ணைத்தான் அவை பார்க்கின்றன, கட்டுரையைத் திறந்து படிப்பதில்லை.