ஒரு சோடி பூட்ஸ், மூன்று பேர்

போன சனிக்கிழமை பின்னேரம் வத்தளைப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். செயற்கைப் புல் விரித்த ஒரு ஃபுட்சால் (சின்னக் கோர்ட்டில் ஆடுகிற உதைபந்தாட்டம்) கோர்ட்டுக்கு வெளியே ஐந்து பொடியன்கள் நின்று காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கான காசு தேறவில்லை. ஒருவன் உள்ளே போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து தலையை ஆட்டினான். பந்தைத் தட்டிக்கொண்டே பஸ் ஹோல்ட் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். நான் வாகனத்தை ஓரமாக நிறுத்தி இறங்குவதற்குள் பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்றிரவு முழுக்க அந்தப் பந்தின் சத்தம்தான் காதுக்குள் இருந்தது. எங்களிடமும் காசு இருக்கவில்லை. ஆனால் காசு இல்லை என்பதற்காக விளையாடாமல் வீட்டுக்குத் திரும்பிய ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்களுக்கு எந்த மைதானத்தைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். புளூமெண்டல் வீதிக்குக் கிட்ட, பாதி கிரவல், பாதி புல். மழை பெய்தால் ஒரு கோல் வாய் குளமாகிவிடும், அதனால் டாஸ் வென்றவன் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் எதிரணிக்குத் தள்ளுவான். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். பின்னாளில் அந்தப் பக்கம் குப்பை மலை எழும்பி, காற்று திரும்பும் நேரமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ஆனால் கேட் இல்லை. காவலாளி இல்லை. நாலரைக்குப் போனால் யாராவது இருப்பார்கள். ஞாயிறு காலை முகத்துவாரம் தாண்டிக் காக்கைத்தீவுக் கடற்கரையில் ஓட்டம். ஈர மணலில் அல்ல, உலர்ந்த மணலில் ஓடச் சொல்வார் எங்கள் கெப்டன். கால் புதையப் புதைய ஓடிவிட்டு மறுநாள் மைதானத்தில் இறங்கினால் உடம்பு காற்று மாதிரி இருக்கும்.

நாங்கள் பெரிய கழகம் ஒன்றும் இல்லை. சோண்டர்ஸ், ரினோன், ஜாவா லேன் எல்லாம் எங்களுக்கு அண்ணாந்து பார்க்கிற பெயர்கள். எங்கள் கொட்டாஞ்சேனையின் ரட்ணம் கழகம் நாட்டின் சம்பியனாகவே வந்தது, அந்தப் பெருமை வேறு. நாங்கள் தெரு டீம். நொக்அவுட் போட்டி எங்கே நடந்தாலும் பெயர் கொடுப்போம். சில தடவை அரையிறுதி, இரண்டு தடவை இறுதி. கொம்பனித்தெரு மலே வீதியில் உள்ள சிட்டி லீக் மைதானத்தில் ஒரு தடவை விளையாடக் கிடைத்தது. அன்று அம்மா ஜேர்சியை இஸ்திரி போட்டுத் தந்தார்.

பெயர்களை நான் எழுதவில்லை. வாசித்தால் அவரவர் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

கீப்பர் ஜம்பட்டா வீதிக்காரன். துறைமுகத்தில் வேலை செய்த அவனுடைய அப்பாவின் கையுறைதான் அவனுக்கு கீப்பர் கிளவுஸ். சொந்த அணிக்காரன் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் பிடிக்கக்கூடாது என்று 1992இல் விதி மாறியது இல்லையா? அதற்காக அவன் ஒரு வருடம் முழுக்கத் தோட்டத்து (எங்கள் நெருக்கமான குடியிருப்புகளை அப்படித்தான் சொல்வோம்) மதிலில் பந்தை உதைத்து உதைத்து இரண்டு காலையும் பழக்கினான். அந்த மதில்காரர் ஒரு நாள்கூட ஏசவில்லை. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கெப்டன் முகத்துவாரத்துச் சிங்களவர், மீன்பிடிக் குடும்பம். எங்களைவிட நான்கு வயது மூத்தவர், எல்லோருக்கும் அவர் அய்யா, சிங்களத்தில் அண்ணன். ரைட் விங் வாழைத்தோட்டத்து முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. ரமழான் மாதத்தில் நோன்போடு வந்து ஓடுவார். பாங்கு சொல்லும் நேரம் அய்யா விசில் ஊதிப் பயிற்சியை நிறுத்திவிடுவார், எல்லோரும் சேர்ந்து நோன்புக் கஞ்சி குடிப்போம். நடுவில் விளையாடியவன் கொம்பனித்தெரு மலாய்க்காரன். அவ்வளவு அமைதியான கால் நான் பார்த்ததில்லை. பந்து வந்தால் முதலில் அதை நிற்க வைப்பான், பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் எங்கள் ஃபோர்வர்ட். 1995 முடிகிற நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தான். அந்த நாளில் அந்த லொட்ஜுகள் நிறைய அவனைப் போன்ற பிள்ளைகள்தான், வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள். ஒரு பின்னேரம் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழவிடாமல் அப்படியே அய்யாவின் காலுக்கு அனுப்பினான். அய்யா அவனைக் கையால் கூப்பிட்டார். அவ்வளவுதான், அவன் எங்கள் டீம்.

அவன் தன் வயதுக்காரனையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவான். நாங்கள் சிங்களத்தில் "மச்சாங், தீபங்!" (மச்சான், தாடா!) என்று கத்துகிற இடத்தில் அவன் "பந்தைத் தாங்கோ, தாங்கோ!" என்பான். சிங்களத்தில் "தான்னக்கோ" என்றால் "போடேன்" என்று வரும். அவன் சிங்களம் கதைக்கிறான் என்றே அய்யா நினைத்துவிட்டார். உடனே பந்தைப் போட்டார், அவன் கோல் அடித்தான். உண்மை தெரிய வந்தபோது அய்யா அந்தச் சொல்லை விடவே இல்லை. இரண்டு வாரத்தில் டீம் முழுக்க, மலாய்க்காரனும் நானாவும் சேர்த்து, "தாங்கோ" என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம். எதிரணிக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவன் வருவதற்குச் சில மாதங்கள் முந்திய ஒரு மாலையைப் பற்றியும் எழுத வேண்டும். 1995 ஏப்ரல் தொடக்கம். சமாதானப் பேச்சு முறியாமல் இருந்த நாட்கள். சுகததாச விளையாட்டரங்கில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் இந்தியாவும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஏழு பேர் நடந்தே போனோம். முழு நேரத்தில் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் முதலில் அடிப்பவர் வென்றார் என்ற கோல்டன் கோல் விதி அப்போது இருந்தது. இலங்கை அடித்தது. 1-0. யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியாது, பக்கத்தில் நின்ற, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அந்த வெற்றி இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு வருடம் முடிவதற்குள், 1996 மார்ச் 17ஆம் திகதி, லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் கிடைத்தது. அந்த இரவு நானும் வீதியில் இறங்கி ஆடியவன்தான், கிரிக்கெட்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு விளம்பரக் காசும் பத்திரிகையின் பின்பக்கமும் பிள்ளைகளின் கனவும் ஒரே பக்கம் சாய்ந்தன. தெற்காசியாவை வென்ற ஒரு அணி ஒரே வருடத்தில் மறக்கப்பட்டது நியாயம் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்பு வேறு ஊராகிவிட்டது. அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி சொக்ஸுக்குள் வைத்துக்கொண்டுதான் தமிழ்ப் பொடியன்கள் விளையாடினோம். ஒரு காலிறுதி நாள் காலையில் சுற்றிவளைப்பு. எங்கள் ஃபோர்வர்ட் தங்கியிருந்த லொட்ஜில் இருந்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செய்தி வந்தபோது அய்யா ஜேர்சி போட்டு முடித்திருந்தார். அதற்கு மேலே ஒரு வெள்ளைச் சேர்ட்டை மாட்டி, தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வயோதிபர் சாரத்தோடு பொலிஸ் வாசலில் மத்தியானம் வரை நின்று, "இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். பின்னேரம் விட்டார்கள். நாங்கள் அதற்குள் ஒன்பது பேரோடு விளையாடி 4-0 தோற்றிருந்தோம். அந்தத் தோல்வியைப் பற்றி எங்களில் ஒருவரும் இன்றுவரை கவலையாகக் கதைத்ததில்லை.

அவன் எங்களோடு இருந்தது எட்டு மாதம். ஒரு வியாழக்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. லொட்ஜுக்குப் போனோம். இரவோடு இரவாகப் போய்விட்டான் என்று மனேஜர் சொல்லி, வீரகேசரிப் பத்திரிகையில் சுற்றிய ஒரு பொதியைத் தந்தார். உள்ளே அவனுடைய பூட்ஸ். சேறு கழுவி, லேஸ் தனியாகச் சுருட்டி உள்ளே வைத்திருந்தான். எழுத்து ஒன்றும் இல்லை.

எட்டாம் சைஸ். எனக்கு அரை சைஸ் பெரிது, முன்பக்கம் பஞ்சு வைத்துப் போட்டேன். நான் களத்திலிருந்து வெளியே வந்தால், உள்ளே போகிற தம்பி அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு போவான். சில நாட்களில் இரண்டாம் பாதிக்கு அது நானாவின் தம்பிக்கு. அடிப்பகுதி கழன்றபோது ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர் காசு வாங்காமல் தைத்துத் தந்தார். மூன்று பேர் இரண்டு வருடம் போட்டோம்.

சரி, ஏன் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன்?

2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையைத் தடை செய்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்றார்கள். ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் எங்கே பார்த்தாலும் உதைபந்தாட்டம் அழிந்துவிட்டது என்றே பேச்சு. தரவரிசையைப் பேசினார்கள், தேர்தலைப் பேசினார்கள். மைதானத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உலகக் கிண்ணம் வந்தால் எங்கள் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு பிரேசிலும் ஆர்ஜென்டீனாவும் பறக்கின்றன. ஆசை குறையவில்லை. அந்த ஆசையோடு பந்தை எடுத்துக்கொண்டு ஒரு பொடியன் எங்கே போவான் என்பதுதான் கேள்வி.

ஃபுட்சால் கோர்ட் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நிலமும் லைட்டும் காசுதான். ஃபுட்சால் நல்ல விளையாட்டும்கூட, நெருக்கத்தில் பந்தைக் காப்பாற்றப் பழக்கும். ஆனால் அது நாற்பது மீற்றர் நீளம். முழு மைதானம் நூறு மீற்றருக்கு மேல். எங்கள் நானா வலது ஓரத்தில் அறுபது மீற்றர் ஓடி, தலையைத் தூக்கிப் பார்த்து, தூரத்துப் போஸ்டுக்குப் பந்தை வளைத்துப் போடுவார். அதை ஒரு கூண்டுக்குள் யாரும் பழக முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், வாடகை கொடுத்து எடுக்கிற கோர்ட்டுக்குள் ஏற்கனவே ஒருவரை ஒருவர் தெரிந்த பத்துப் பேர்தான் போகிறார்கள். மணித்தியாலம் முடிந்ததும் வெளியேறுகிறார்கள். ஓரத்தில் நின்று பார்க்கிற ஒரு அந்நியனைக் கையால் கூப்பிட அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை.

பாடசாலை அணியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளித் தோட்டங்களில் பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பிள்ளைக்கு? வட கொழும்பில் இருக்கிற பொது மைதானங்களில் ஒன்றையாவது தினமும் நாலரையிலிருந்து இருட்டும் வரை முன்பதிவும் கட்டணமும் கடிதமும் இல்லாமல் திறந்து விடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. புல் வேண்டாம், பார்வையாளர் மேடை வேண்டாம். இரண்டு கோல் போஸ்ட், ஒரு தண்ணீர்க் குழாய். மாநகரத்தில் செல்வாக்குள்ளவர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இதை வாசித்துவிட்டு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். என்னோடு கதையுங்கள். மனு எழுதவும் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகவும் நான் தயார்.

அய்யா போன வருடம் காலமானார். முகத்துவாரத்து வீட்டில், சுவரில் எங்கள் டீம் படம் ஒன்று இருந்தது. அதில் ஃபோர்வர்ட் இல்லை, படம் எடுத்த அன்று அவன் வெளியே வரப் பயந்தான். அய்யா அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் அளவு இடைவெளி விட்டு எங்களை நிற்க வைத்திருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. செத்த வீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றபோதுதான் மறுபடி பார்த்தேன்.

அதை ஃபோனில் படம் பிடித்து சுவிஸில் இருக்கிற எங்கள் ஃபோர்வர்டுக்கு அனுப்பினேன். 2011இலிருந்து அவனோடு தொடர்பு இருக்கிறது. பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், சனிக்கிழமைகளில் ஊர்ச் சபை மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான். இரண்டு நாள் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு குரல் செய்தி. அழுதிருந்தான். ஓகஸ்டில் வருகிறேன், அய்யாவின் கல்லறைக்குக் கூட்டிப் போ என்றான்.

ஓகஸ்ட் மாத இரண்டாவது ஞாயிறு, காலை ஆறரை மணி, காக்கைத்தீவுக் கடற்கரை. கீப்பரும் நானாவும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மலாய்க்காரனின் நம்பர் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். அந்தத் தோட்டத்து மதில்காரரின் மகன் இதை வாசித்தால் நீங்களும் வரவேண்டும். பக்கத்தில் பொடியன்கள் இருந்தால் கூட்டி வாருங்கள். பந்து நான் கொண்டுவருகிறேன்.