ஓட்டப் படத்தில் ஓட்டத்தையே ஓட்டிவிட்டால் எப்படி?

நேற்று ராத்திரி வீட்டில் 'ரோட் டு பாஸ்டன்' போட்டோம். காங் ஜே-கியூ இயக்கி 2023-இல் வந்த கொரியப் படம். 1947 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான், கொரிய ஓட்டக்காரர் சோ யுன்-போக் கோட்டில் வந்து நிற்கிறார், எல்லாரும் கிளம்புகிறார்கள், நான் நிமிர்ந்து உட்கார்கிறேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன் ரிமோட்டை எடுத்து டக் டக்கென்று பத்துப் பத்து வினாடியாகத் தள்ளுகிறான். "ஓடிட்டேதானண்ணே இருக்கான், கடைசியில ஜெயிக்கிறதப் பாத்துக்கலாம்" என்கிறான்.

வயிறு எரிந்துவிட்டது. ஓட்டத்தைப் பற்றிய படத்தில் ஓட்டத்தை ஓட்டிவிட்டால் மீதி என்னடா இருக்கு?

அந்த மனிதர் அன்றைக்கு ஓடிய நேரம் 2 மணி 25 நிமிடம் 39 வினாடி. அன்றைய உலகச் சாதனை. முழுப் படமே இரண்டு மணி நேரம் கிடையாது! அவர் ஓடியதைவிடப் படம் சின்னது. 42.195 கிலோமீட்டரை இயக்குநர் ஏற்கெனவே சில நிமிடங்களாகச் சுருக்கித்தான் கொடுத்திருக்கிறார், அதையும் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 27 வினாடி. நான் தினமும் காலையில் ஓடுகிறவன், எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஆகிறது, அதற்கே நெஞ்சு அடைக்கிறது. அவர் அந்த வேகத்தில் 42 தடவை ஓடினார்.

அந்த ஓட்டத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக். சோன் கீ-ஜோங் மாரத்தானில் தங்கம் வாங்கி மேடையில் நிற்கிறார். அவர் கொரியர், ஆனால் கொரியா அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்ததால் நெஞ்சில் ஜப்பான் கொடி, ஒலிப்பது ஜப்பான் கீதம், பதிவேட்டில் இருப்பதும் ஜப்பானிய உச்சரிப்பில் 'சோன் கிட்டேய்'. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பரிசாகக் கொடுத்த ஓக் கன்றால் அந்தக் கொடியை மறைக்கிறார். வெண்கலம் வாங்கிய நாம் சுங்-யோங்கும் கொரியர்தான், ஆனால் கன்று தங்கம் வாங்கியவருக்கு மட்டும்தான். கொடியை மறைத்துக்கொள்ள நாம் கையில் ஒன்றுமே இல்லை. சோன் மேடையில் நின்ற புகைப்படத்தில் கொடியை அழித்து அச்சிட்டதற்காக தோங்-ஆ இல்போ நாளிதழையே மாதக்கணக்கில் முடக்கினார்கள்.

பதினொரு வருடம் கழித்து அதே சோன் பயிற்சியாளராக பாஸ்டனுக்கு வருகிறார், நாம் சுங்-யோங்கும் வந்து தானும் ஓடுகிறார். அப்போது கொரியக் குடியரசு என்று ஒரு நாடே அமையவில்லை, தெற்கில் அமெரிக்க ராணுவ ஆட்சி. எந்தக் கொடியைப் போட்டு ஓடுவது என்று படத்தில் சண்டை நடக்கிறதே, அதையெல்லாம் சும்மா பேச்சு என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பதில் வருகிற இடத்தில் ரிமோட்டைத் தூக்கினால் கோபம் வருமா வராதா?

ரிமோட்டைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். வழியில் ஒரு நாய் குறுக்கே பாய்கிறது, சோ யுன்-போக் கீழே விழுகிறார், எழுந்து மறுபடி ஓடுகிறார். "ஐயையோ, இது எப்ப நடந்துச்சு? சினிமாவுக்காக வச்சதா?" என்று கேட்கிறான். இல்லடா, நிஜமாகவே நடந்தது! நீ தள்ளிவிட்ட அந்த முப்பது வினாடிக்குள்ளேதான் அது இருந்தது.

அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. அலுவலகத்தில் பாதிப் பேர் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறார்கள், கேட்டால் "கதை தெரிஞ்சா போதும்" என்கிறார்கள். இதே ஆட்கள் ஒரு டெஸ்ட் மேட்ச்சில் ரன்னே வராத ஓவர்களை நாள் முழுக்க அசையாமல் பார்ப்பார்கள். ஓடுகிறவன் மூச்சு வாங்குவதை, கால் தார்ரோட்டில் படுகிற சத்தத்தை, முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் முகம் மாறுவதை மட்டும் பார்க்க முடியாதாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த மூச்சு எப்படிக் கேட்கும்? களைப்பே தெரியாதே!

இன்றைக்கு ராத்திரி முதலிலிருந்து திரும்பப் போடப் போகிறேன். ரிமோட் என் மடியில் இருக்கும். அவனும் வருகிறேன் என்றிருக்கிறான், வரட்டும்.