நிதனீமியர்: நாம் தாண்டிப் போகும் பெயர்கள்

பைபிளில் எஸ்றா புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் வந்தாலே பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இன்னாரின் புத்திரர், இன்னாரின் புத்திரர் என்று நீளும் பட்டியல். நானும் பல வருடம் அப்படித்தான் தாண்டிப் போனேன். இந்த முறை ‘நிதனீமியர்’ என்ற சொல்லில் மனம் நின்றுவிட்டது.

எபிரெயத்தில் அதற்குக் ‘கொடுக்கப்பட்டவர்கள்’ என்று பொருள். ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தாரான லேவியருக்கு உதவியாக, ஆலய வேலைக்குத் தாவீது ராஜாவும் பிரபுக்களும் கொடுத்தவர்கள் என்கிறது எஸ்றா 8:20. அப்பா செய்த வேலை அப்படியே பிள்ளைக்கு. யோசுவா காலத்தில் பலிபீடத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைக்கப்பட்ட கிபியோன் ஊராரான கிபியோனியரின் வாரிசுகள் இவர்கள் என்பது யூத மரபு.

இப்போது எண்களைப் பாருங்கள். சிறையிருப்பு முடிந்து பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய முதல் கூட்டத்தில், பலி செலுத்தும் ஆசாரியர் 4,289 பேர். லேவியர் 74 பேர்தான். நிதனீமியரும் சாலொமோனின் வேலையாட்கள் வம்சத்தாரும் சேர்ந்து 392. பிறகு வேதபாரகரான எஸ்றா இன்னொரு கூட்டத்தோடு புறப்பட்டபோது அகாவா ஆற்றங்கரையில் மூன்று நாள் தங்கிக் கூட்டத்தைப் பார்வையிட்டார். ஒரு லேவியர்கூட இல்லை. கசிப்பியா என்ற இடத்தில் தலைவராக இருந்த இத்தோவிடம் ஆள் அனுப்பிய பிறகு 38 லேவியர் வந்தார்கள். நிதனீமியரோ 220 பேர்!

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பட்டமும் பங்கும் உள்ளவர்கள் தயங்கிய பாதையில், சுமை தூக்குகிறவர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். அந்த 220 பேரும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டவர்கள் என்று வசனம் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் எழுதப்படவில்லை.

அவர்களை வெறும் அடிமைகள் என்று ஒரு வார்த்தையில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆசாரியருக்கும் லேவியருக்கும் கிடைத்த அதே வரிவிலக்கை பெர்சிய ராஜா அர்தசஷ்டா இவர்களுக்கும் கொடுத்தார். எருசலேமின் ஓபேல் என்ற மேட்டுப் பகுதியில், தண்ணீர்வாசலுக்கு எதிர்ப்புறம் வரை இவர்கள் குடியிருந்தார்கள். நெகேமியா 10இல் ஜனங்கள் ஆணையிட்டு உடன்படிக்கை செய்தபோது, ஆசாரியர், லேவியரோடு இவர்களும் நின்றார்கள். தேசத்தின் அந்நிய ஜனங்களோடு பெண் கொடுத்து பெண் எடுக்கமாட்டோம் என்பதும் அந்த ஆணையில் ஒன்று.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பாபிலோனிலிருந்து வந்தவர்களைப் பத்து வம்ச வகைகளாகப் பிரிக்கிறது. அதில் இவர்களுக்கும் தனி வகை உண்டு. ஆசாரியர், லேவியர், சாதாரண இஸ்ரவேலர் குடும்பங்களோடு இவர்கள் சம்பந்தம் செய்யக் கூடாது என்பது சட்டம். ஆறு நூற்றாண்டுக்கு முன் அந்த ஆணையைத் தங்கள் வாயாலேயே சொன்னவர்களின் பிள்ளைகளுக்கு, இப்போது பெண் கொடுக்கக் கூடாதாம். தாவீது கொடுத்தவர்கள், எஸ்றாவோடு அந்தத் தூரம் நடந்து வந்தவர்கள் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடவில்லை.